அப்பாவைப் பற்றி மேடையில் பேசியது

என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்வார். தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியின் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டறையில் இயந்திரங்களைக் கவனித்தது மாதிரியே தன் உடம்பையும் கவனித்துக்கொண்டார். டீயில் சர்க்கரை கிடையாது. செருப்பில்லாமல் வாசலில்கூட இறங்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்து, இன்சுலின் குப்பிகளையெல்லாம் எடுத்துக் குப்பை வாளியில் போட்டார்.

அன்றைக்கு அவர் ஒரு பெரிய கூட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். வேறு மாநிலத்திலிருந்து வந்த ஒரு சுகமளிக்கும் ஊழியக்காரர் மைதானத்தில் பந்தல் போட்டு நடத்திய கூட்டம். அந்த ஆள் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு, தலையில் கை வைத்து, நீ சுகமாகிவிட்டாய், இனி மருந்தைத் தொட்டால் அது அவிசுவாசம் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். அப்பா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார். அம்மாவும் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அம்மாவும் அப்பாவும் வாராவாரம் போய்வந்த ஜெபக்கூட்டம் வேறு. ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு மராத்திக்கார அம்மாளின் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்து நடந்தது. கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள், பாதிப்பேர் பட்டறை ஆட்கள். போதகரும் தொழிற்சாலை வேலைக்காரர்தான். வாரம் முழுக்க ஷிப்ட்டுக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்வார். அப்பா ஊசியை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அவர் வேலை உடுப்போடு வீட்டுக்கு ஓடிவந்தார். நான் அப்போது சமையலறையில் இருந்தேன். அவர் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அண்ணே, டாக்டரையும் ஆண்டவர்தான் குடுத்திருக்கார். ஊசியைப் போட்டுக்கிட்டே ஜெபிப்போம். நிறுத்தாதீங்க, ப்ளீஸ்."

அப்பா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒமக்கு விசுவாசம் பத்தாது, தம்பி."

மழைக்காலம் வருவதற்குள் அப்பாவின் கால் பெருவிரல் கறுத்துவிட்டது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, தன் விசுவாசத்தில் எங்கே குறை வந்தது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். சாகும்வரைக்கும் அந்த ஊழியக்காரரை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

அதோடு எனக்குச் சாமி இல்லாமல் போயிற்று. யாரிடமும் வாதாடி வந்த முடிவு இல்லை. அடக்கம் முடிந்து வந்த அடுத்த ஞாயிறு அம்மா சேலை மாற்றிக்கொண்டு, "கெளம்புட்டி" என்றாள். நான் வரவில்லை என்றேன். அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தனியாகப் போனாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் போவதை நானும் தடுக்கவில்லை, நான் போகாததை அவளும் கேட்கவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் அப்படியே பழகிவிட்டோம்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு ஒருமுறை பகுத்தறிவு இயக்கத்தார் நிகழ்ச்சி நடத்த வந்தார்கள். நாக்கில் கற்பூரம் கொளுத்தினார்கள், வெறும் கையில் விபூதி வரவழைத்தார்கள். பிறகு அதையெல்லாம் எப்படிச் செய்தோம் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார்கள். வேதியியலை என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்களே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரமே அவர்கள் கூட்டத்துக்குப் போனேன்.

பழைய பேட்டைப் பகுதியில் ஒரு வாசகசாலையின் மாடியில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். செயலாளர் ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர். எல்லோரும் அவரை சர் என்போம். மெலிந்த மனிதர், கதர்ச் சட்டை, குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாளே என் மராத்தியைப் பாராட்டினார். நான் இங்கேயே பிறந்தவள் என்றேன். "அப்படியா? கேட்டால் தெரியவில்லை" என்றார். அது பாராட்டா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. அங்கே எல்லோரும் என்னை தாயீ என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் அக்கா என்று அர்த்தம். அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "பிள்ளை பெறாமலே தாயீயா?" என்றாள்.

அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கடக்வாஸ்லா அணைக்கு அந்தப்பக்கம் உள்ள கிராமங்களுக்கு ஜீப்பில் போவோம். நான் எலுமிச்சம்பழ வேலையில் தேர்ந்தவள். கத்தியில் செம்பருத்திச் சாற்றைத் தடவிக் காயவைத்திருப்பேன். பழத்தை வெட்டினால் புளிப்புப் பட்டுச் சிவப்பாக ஒழுகும். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். செய்வினை வெளியே வருகிறது என்று மந்திரவாதி இதைத்தான் காட்டுகிறான், இதற்குத்தான் நீங்கள் கோழியும் சேலையும் கொடுக்கிறீர்கள் என்பேன். செம்பருத்திப் பூவைக் கையில் கொடுத்து அவர்களையே செய்யச் சொல்வேன். ஒருமுறை ஒரு பெண் அந்தக் கத்தியை வாங்கித் தானே வெட்டிப் பார்த்துவிட்டு, தன் மாமியாரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது.

சர் வீட்டில் பிள்ளையார் சதுர்த்தி உண்டு. இயக்கத்தில் பாதிப்பேர் வீட்டில் உண்டு. வருஷாவருஷம் என்னையும் கூப்பிடுவார். அவர் மனைவி செய்யும் மோதகம் மெத்தென்று இருக்கும். அதை நான் மூன்று நான்கு தின்பேன். ஒருமுறை, "சர், நாம் ஊரெல்லாம் போய்ப் பேசுகிறோம், வீட்டில் ஆரத்தி நடக்கிறதே" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இது மதம் இல்லை தாயீ, பண்பாடு. குடும்பம் ஒன்றுகூட ஒரு சாக்கு" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலும் கிறிஸ்துமஸுக்கு அம்மா முறுக்கு சுடுகிறாள், நான் தின்னாமலா இருக்கிறேன்.

ஆனால் அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போவது அங்கே யாருக்கும் பண்பாடாகத் தெரியவில்லை. "இன்னுமா உங்கள் அம்மா அங்கே போகிறார்? உங்கள் அப்பாவுக்கு அப்படி நடந்த பிறகுமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்கும்போது முகத்தில் ஒரு வருத்தம் இருக்கும். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

ஒருநாள் கூட்டம் முடிந்து படி இறங்கும்போது சர் என்னை நிறுத்தினார். நகரத்தில் ஒரு பெரிய அரங்கில் பொதுக்கூட்டம் நடத்தப்போகிறோம், உங்கள் அப்பாவின் கதையை நீங்கள் பேச வேண்டும் என்றார்.

"நான் எலுமிச்சம்பழம் வெட்டுகிறேனே சர். பேச்செல்லாம் வேறு யாராவது பேசட்டும்."

"இந்துக்களை மட்டும்தான் சொல்கிறீர்கள், மற்ற மதக்காரர்களைத் தொட உங்களுக்குத் துணிச்சல் இல்லை என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். நீங்கள் பேசினால் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி இருக்கும். நாங்கள் பேசினால் அது வேறு மாதிரி ஆகும். நீங்கள் அந்த வீட்டுப் பெண்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பாவைப் பற்றி ஒருமுறையாவது உரக்கப் பேச வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

பேச்சை நானே மராத்தியில் தயார் செய்தேன். இன்சுலின் உடம்பில் என்ன செய்கிறது என்று தொடங்கினேன். பட்டறையில் அப்பா எவ்வளவு கவனமான மனிதர், பந்தலில் என்ன நடந்தது, விரல் எப்படிக் கறுத்தது, எல்லாம் சொன்னேன். எங்கள் சந்தில் இருந்த போதகர் வேலை உடுப்போடு ஓடிவந்து கெஞ்சியதையும் சொன்னேன். அதை நான் நடுவில் சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை, அழுத்தித்தான் சொன்னேன். நம்பிக்கை உள்ளவர்களிலேயே மருந்தைப் போடு என்பவரும் உண்டு, போடாதே என்பவரும் உண்டு, சட்டம் பிடிக்க வேண்டியது இரண்டாவது ஆளை என்றேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சர் மேடையிலேயே என் கையைப் பிடித்து, "துணிச்சல்" என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் நானும் கொஞ்சம் அழுதேன். பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும்.

இயக்கத்தின் வீடியோ வேலைகளை ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினர் பார்த்துக்கொண்டிருந்தார். என் முழுப் பேச்சையும் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தார். பந்தல், தலையில் கை, குப்பைவாளியில் குப்பி, கறுத்த விரல், கடைசியில் முன்வரிசையில் அழுத பெண்மணி. போதகர் ஓடிவந்தது அதில் இல்லை. மேலே மராத்தியில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு: பாதிரியாரின் பேச்சைக் கேட்டார், செத்தார். அதைக் குழுவில் போட்டபோது எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் பள்ளியில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பார்த்தேன். தலைப்பு சரியில்லையே, அந்த ஆள் பாதிரியாரே கிடையாதே என்று எழுதினேன். பிரபலமாகட்டும் தாயீ, விவரமெல்லாம் முழுப் பேச்சில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு சிரிப்பு முகமும் வந்தது.

பிரபலமாகத்தான் ஆனது. சில நாளில் அந்தத் துண்டு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. யார் யாரோ எடுத்து, உறுமலான இசை சேர்த்து, இவர்கள் நம் ஏழைகளை ஏமாற்றி மதம் மாற்றுகிறார்கள், ஊரை விட்டு விரட்டுங்கள் என்று கீழே எழுதி அனுப்பினார்கள். எங்கள் பள்ளி வாட்ச்மேன் என்னிடமே அதைக் காட்டி, "மேடம், இது நீங்கள்தானே?" என்றார். என் முகத்துக்கு மேலே யாரோ தீ மாதிரி எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசகசாலை மாடியில் இருந்தேன். அம்மா ஜெபக்கூட்டத்தில் இருந்தாள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவும் போதகரின் மனைவியும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

பாட்டு முடிந்து பிரசங்கம் ஆரம்பிக்கும்போது, கழுத்தில் துண்டு போட்ட இளைஞர்கள் ஒரு கூட்டமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்களாம். பாதிப்பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் செருப்போடு உள்ளே வந்து, தன் போனைப் போதகர் முகத்துக்கு நேரே பிடித்து என் பேச்சை ஓடவிட்டிருக்கிறான். "இன்னும் எத்தனை பேரைக் கொன்றாய்?" என்று இந்தியில் கேட்டிருக்கிறான். அம்மா எழுந்து போய் அந்தப் போனைப் பார்த்திருக்கிறாள்.

"அது என் மக" என்று தமிழில்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். பிறகு இந்தியில், "அது என் மகள். செத்தது என் வீட்டுக்காரர். இவர் மருந்து சாப்பிடச் சொன்னவர்" என்றாளாம்.

அவன் அம்மாவை மேலும் கீழும் பார்த்தானாம். "அப்படியென்றால் புருஷனைக் கொன்றது நீதானா, கிழவி?"

பின்னாலிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள் என்று போதகரின் மனைவி சொன்னார். அம்மா அந்தச் சிரிப்பை என்னிடம் சொல்லவில்லை.

போலீஸ் வந்தது. வாசலை அடைத்து நின்றவர்களை ஒன்றும் கேட்கவில்லை. போதகரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், யாரை மதம் மாற்றினாய் என்று பொழுது சாயும்வரை உட்காரவைத்துக் கேட்டு அனுப்பினார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை. வழக்குப் போட என்ன இருக்கிறது? மறுநாளே வீட்டுக்கார மராத்தி அம்மாள் வந்து, போதகரின் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, அறையைக் காலி செய்துவிடுங்கள், என் மகன் பயப்படுகிறான் என்றார். அத்தனை வருஷம் கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போன சேலையை மாற்றவில்லை. நடந்ததை அங்கிருந்த யாரோ போனில் சொல்லித்தான் நான் ஓடிவந்திருந்தேன்.

"ம்மா, உங்களுக்கு அடி ஏதும் படலியே?"

"ஒண்ணும் படல."

"நான் அப்படிப் பேசலம்மா. பாஸ்டரைப் பத்தி நல்லாத்தான் பேசினேன். அவங்க வெட்டிட்டாங்க. முழுப் பேச்சையும் காட்டறேன், பாருங்க."

அம்மா போனை வாங்கவில்லை. "நீ பொய் பேசியிருப்பேன்னு நான் சொல்லலட்டி. ஒனக்குப் பொய் பேசத் தெரியாது. ஆனா ஒங்க அப்பா கால எடுத்ததுக்குப் பெறவு அதப் பத்தி ஒரு தரமாவது என்கிட்ட உக்காந்து பேசியிருக்கியா? எத்தன வருசமாச்சு. என்கிட்ட பேசாத பேச்ச, பேரும் தெரியாத மொகமும் தெரியாத ஆளுவகிட்ட மைக்கு வச்சுப் பேசியிருக்க. அவனுவ கைய வேற தட்டுதானுவ."

நான் நீட்டிய போனைக் கீழே இறக்கினேன்.

"குப்பையில போட்ட ஊசி மருந்த நான்தான் ராத்திரி பொறுக்கி எடுத்துக் கழுவி வச்சேன். அது ஒனக்குத் தெரியுமா? போட்டுக்கோங்கன்னு தெனமும் அழுதேன். அது ஒன் பேச்சுல உண்டுமா?"

இல்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. அவள் சந்தோஷத்தில் அழுததை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன். மேடையில் அதையும் சொல்லியிருந்தேன்.

இருந்தாலும் நான் பேசியது உண்மை. அதை இன்றும் சொல்வேன். அந்தப் பந்தலில் நின்ற ஆளைப் பற்றி ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெறமாட்டேன். அந்த ஆளை யாரும் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இப்போதும் ஊர் ஊராகப் பந்தல் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குப் பாதுகாப்புக்கு ஆள் உண்டு. பழி விழுந்தது ஊசியை நிறுத்தாதே என்று கெஞ்சியவர் மேலே.

மறுநாள் பள்ளி முடிந்ததும் நேரே சர் வீட்டுக்குப் போனேன். மூன்று விஷயம் கேட்டேன். துண்டு வீடியோவை நீக்க வேண்டும். முழுப் பேச்சைப் போட வேண்டும். அந்தப் போதகர் மருந்து சாப்பிடச் சொன்னவர், ஜெபக்கூட்டத்தில் புகுந்து மிரட்டியது அநியாயம் என்று இயக்கத்தின் பெயரில் ஓர் அறிக்கை தர வேண்டும்.

சர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

"முதல் இரண்டும் செய்யலாம். அறிக்கை என்பது அரசியல் ஆகிவிடும் தாயீ."

"வயதான ஒரு பெண்ணைக் கிழவி, கொலைகாரி என்று சொன்னது அரசியலா சர்? அவள் என் அம்மா."

"எனக்குப் புரிகிறது. ஆனால் நம் வேலையை யோசியுங்கள். பள்ளிகளில் நம்மை உள்ளே விடுவது தலைமையாசிரியர்களின் தயவில். கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாக அறிக்கை விட்டார்கள் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் ஒரு பள்ளியும் கதவு திறக்காது. இத்தனை வருஷ உழைப்பு."

"நம் வீடியோவைக் காட்டித்தானே மிரட்டினார்கள்."

"கத்தியைச் செய்தவன் குத்தியவன் ஆகமாட்டான்."

"தலைப்பை நாம்தானே வைத்தோம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செயற்குழுவில் வைக்கிறேன்" என்றார்.

செயற்குழு கூடியது. இத்தனை பேர் வாதம் செய்து நான் பார்த்ததில்லை. துண்டை எடுப்பதற்கே ஐடிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. இயக்கத்தின் வரலாற்றில் இவ்வளவு பேர் பார்த்தது இதுதான் என்றார். எனக்குப் பிடித்த ஒரு வயதான டாக்டர், "தாயீ, நீங்கள் பேசியதில் பொய் ஒன்றும் இல்லையே? பிறகு எதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஓர் அறிக்கை?" என்றார். இன்னொருவர் கொஞ்சம் தயங்கி, "இப்படி நடந்த பிறகாவது உங்கள் அம்மா யோசிப்பார் இல்லையா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்த மேசையைச் சுற்றி இருந்த எல்லோருக்குமே நல்ல எண்ணம்தான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கெட்டவர்கள் என்றால் அன்றைக்கே கத்திவிட்டு வந்திருப்பேன்.

கடைசியில் அறிக்கை வந்தது. எல்லா மதங்களிலும் உள்ள எல்லா வகைச் சுரண்டலையும் எங்கள் இயக்கம் எதிர்க்கிறது. எல்லாத் தரப்பினரும் அமைதி காக்க வேண்டும். தாபோடி இல்லை, போதகர் இல்லை, வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்கள் இல்லை. நான் அதைச் சத்தமாக வாசித்தேன். யார் யாரிடம் அமைதி காக்க வேண்டும் என்று கேட்டேன். சர் தாளை என் கையிலிருந்து வாங்கிக் கோப்பில் வைத்தார். முழுப் பேச்சையும் போட்டார்கள். அதை யாரும் பார்க்கவில்லை. துண்டையும் பிறகு எடுத்தார்கள்; அதற்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது, எடுத்தென்ன, எடுக்காவிட்டால் என்ன.

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கும் சர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நான் போகவில்லை. சர் போன் செய்து, உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன் என்றார். நன்றாகத்தான் இருக்கிறேன் சர் என்றேன். அதற்குப் பிறகு வாசகசாலைக்கும் போகவில்லை. ராஜினாமா என்று ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அறை போனபிறகு ஜெபக்கூட்டம் வீடு வீடாக நடந்தது. இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு; எந்த வீடு என்று சனிக்கிழமை போனில் சொல்வார்கள். இரண்டு வாரம் அம்மாவுக்குப் போன் வந்தது. பிறகு வரவில்லை. அம்மா சனிக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருப்பாள். குளிக்கப் போனால், "அடிச்சா எடுட்டி" என்று சொல்லிவிட்டுப் போவாள். மாதம் ஒன்று போனதும், கூட்டமே நடக்கவில்லை போலிருக்கிறது என்றாள். நடக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தியின் வீட்டில்தான் போன வாரம் நடந்திருந்தது.

போதகரைப் பார்க்கப் போனேன். சாமி இல்லை என்று இருந்தவள், என் அம்மாவை ஜெபத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"முழுப் பேச்சையும் கேட்டேன்க்கா. என்னைப் பத்தி நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. எனக்கு உங்க மேல வருத்தம் இல்ல."

"அப்புறம் ஏன் அம்மாவுக்குச் சொல்றதில்ல?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சமையலறைக்குள் போய்விட்டார். "ஜனங்க பயப்படறாங்க, க்கா. அம்மாவை யாரும் தப்பா நினைக்கல. ஆனா அம்மாவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சா உங்க ஆளுங்களுக்குத் தெரியும்னு பேசிக்கறாங்க. அவங்களுக்கு உங்க ஆளுங்களும் வந்து நின்ன ஆளுங்களும் ஒண்ணுதான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

"எனக்கு இப்ப ஆளுங்களே இல்ல" என்றேன்.

"கொஞ்சம் டைம் குடுங்க" என்றார். "நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஜெபம் பண்ணிட்டுப் போறேன்."

சொன்னபடி வந்தார். அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். நான் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். இன்னொரு தடவையும் வந்தார். பிறகு அவருக்குக் கோந்த்வா பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். தொழிற்சாலையில் அவரை ஏன் நிறுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ராணுவக் குடியிருப்புப் பக்கம் உள்ள பெரிய பழைய சர்ச்சுக்கு அம்மாவை ஒருமுறை ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தமிழ் ஆராதனை உண்டு என்று சொன்னார்கள். நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். முடிந்து வரும்போது அம்மாவோடு யாரும் பேசிக்கொண்டு வரவில்லை.

"எப்படிம்மா இருந்தது?"

"பாட்டெல்லாம் பொஸ்தகத்தப் பாத்துப் பாடுதாவ. பக்கத்துல இருந்த அம்மா எங்கிட்ட இங்கிலீசுல என்னமோ கேட்டாவ."

அதற்குப் பிறகு அங்கே போகவேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

போன மாதம் இயக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவள் போலிருக்கிறது, குரலில் அவ்வளவு உற்சாகம். மகளிர் தினத்துக்கு ஒரு கூட்டம், பழைய பதிவுகளைப் பார்த்தேன், நீங்கள் பேசியது அற்புதமாக இருந்தது, மறுபடியும் பேசுவீர்களா என்று கேட்டாள். உனக்கு முழுப் பேச்சையும் கேட்க நேரம் இருந்ததா என்று கேட்டேன். இல்லை தாயீ, துண்டு துண்டாகப் பார்த்தேன் என்றாள். பாவம், உண்மையைத்தான் சொன்னாள். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா யாரென்று கேட்டாள். சொன்னேன்.

"போவலியா?"

"இல்லம்மா."

"அவுகளும் ஒன்ன இப்பல்லாம் கூப்பிடுததில்லன்னுல்லா நெனச்சேன்."

"இப்பத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் போகல."

அம்மா முறத்தை மடிக்கு இழுத்தாள். "ஒன்னயாவது கூப்பிட்டானுவளே" என்றாள். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.